மரக்கால் அளவைக் கவனித்த திருத்தந்தை

கி.பி. 589-இன் இறுதியில் டைபர் ஆறு கரையை உடைத்துக்கொண்டு ரோம் நகருக்குள் புகுந்தது. திருச்சபையின் தானியக் களஞ்சியங்கள் வெள்ளத்தோடு போயின. நீர் வடிந்த கையோடு கொள்ளைநோய். 590 பிப்ரவரியில் அது திருத்தந்தை இரண்டாம் பெலாஜியுஸையும் கொண்டுபோனது. பசியும் நோயும் சூழ்ந்த அந்த நகரம் அடுத்துத் தேர்ந்தெடுத்தவர்தான் முதலாம் கிரகோரி. கத்தோலிக்கர்கள் ‘பெரிய கிரகோரியார்’ என்பது இவரைத்தான். நம் வீட்டுச் சுவரில் தொங்கும் கிரகோரியன் நாட்காட்டிக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை; அது 1582-இல் பதின்மூன்றாம் கிரகோரி கொண்டுவந்தது.

முதலாம் கிரகோரிக்குப் பதவி மேல் ஆசையே இல்லை. செனட்டர் பரம்பரை, செல்வக் குடும்பம். இளம் வயதிலேயே ரோம் நகரின் ஆட்சித் தலைவராக இருந்து, அதை உதறிவிட்டு, சீலியன் குன்றில் இருந்த சொந்த வீட்டையே மடமாக்கித் துறவியானவர். பிறகு பெலாஜியுஸின் தூதராகச் சில ஆண்டுகள் கான்ஸ்டான்டிநோபிளில் இருந்தார். அத்தனை காலம் இருந்தும் கிரேக்கம் கற்றுக்கொள்ளவில்லை என்பது வேடிக்கை. தன் தேர்வுக்கு ஒப்புதல் தர வேண்டாம் என்று பேரரசர் மவுரிசியுஸுக்கே கடிதம் எழுதினார். நகர அதிகாரி அதை வழியிலேயே மடக்கிவிட்டாராம். 590 செப்டம்பர் 3 அன்று பொறுப்பேற்க வேண்டியதாயிற்று.

அவருடைய கடிதங்களில் ஏறத்தாழ 850 இன்றும் கிடைக்கின்றன. மனிதரை அறிய அவையே சிறந்த வழி. சிசிலியில் திருச்சபைக்குப் பெரும் நிலங்கள் இருந்தன. ரோமுக்குச் சோறு போட்டவை அவைதாம். அங்கே மேற்பார்வையாளராக இருந்த பேதுரு என்ற துணைத்தொண்டருக்கு அவர் எழுதியதைப் படித்தால் கறாரான பண்ணைக் கணக்கர் ஒருவர் தெரிகிறார். பெரிய மரக்காலால் அளந்து குடியானவர்களை ஏய்க்கக் கூடாது. அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு வாங்கும் வரி ஒரு பொற்காசைத் தாண்டக் கூடாது. தானியத்தைச் சந்தை விலைக்கே வாங்க வேண்டும். இவ்வளவு சொல்பவருக்குக் கிண்டலும் வரும். பேதுரு அனுப்பிய விலங்குகளைப் பற்றி, ஒரு மோசமான குதிரையும் ஐந்து நல்ல கழுதைகளும் வந்தன, குதிரை மோசம் என்பதால் ஏற முடியவில்லை, கழுதைகள் கழுதைகள் என்பதால் ஏற முடியவில்லை என்று எழுதினார்!

வாசலில், இத்தாலியின் பெரும்பகுதியைப் பிடித்திருந்த லொம்பார்டியர். படை அனுப்பவேண்டிய பேரரசரோ கடலுக்கு அப்பால், கான்ஸ்டான்டிநோபிளில். 593-இல் லொம்பார்டிய மன்னர் அகிலுல்ஃப் ரோமை முற்றுகையிட்டபோது கிரகோரி பணம் கொடுத்து அவரைத் திருப்பி அனுப்பினார். பேரரசர் கிரகோரியை ஏமாளி என்று ஏளனம் செய்தார். அதைக் கிரகோரி விழுங்கிக்கொள்ளவில்லை. ரோமர்கள் நாய்களைப் போலக் கழுத்தில் கயிறு கட்டப்பட்டு, அடிமைகளாக விற்க இழுத்துச் செல்லப்பட்டதைத் தன் கண்ணால் பார்த்ததாகப் பதில் எழுதினார். அரசு செய்யவேண்டிய வேலையைத் திருச்சபை செய்யத் தொடங்கியது இப்படித்தான். பிற்காலத் திருத்தந்தையர் நாடாள்வதற்கான வித்தை இந்தப் பஞ்சகாலத்தில் பழகியது.

596-இல் தன் மடத்தைச் சேர்ந்த அகுஸ்தீன் தலைமையில் துறவிகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பாதி வழியில் பயந்துபோனவர்களைத் தேற்றி மீண்டும் அனுப்பவேண்டியிருந்தது. 601-இல், அங்கே அனுப்பப்பட்ட இன்னொரு துறவியான மெல்லிதுஸுக்கு எழுதிய கடிதம் அவருடைய நடைமுறை அறிவுக்குச் சான்று: அம்மக்களின் கோயில்களை இடிக்காதீர்கள், சிலைகளை மட்டும் அகற்றிவிட்டுக் கட்டடத்தைப் பயன்படுத்துங்கள், திருவிழா விருந்துகளும் தொடரட்டும். யூதர்களைக் கட்டாயப்படுத்தி ஞானஸ்நானம் கொடுப்பதையும் அவர் கண்டித்தார். ஆனால் அவர்களை அவர் சமமாகக் கருதினார் என்று சொல்லிவிட முடியாது.

ஒரு கறையை மறைக்க முடியாது. 602-இல் ஃபோக்காஸ் என்ற படைவீரன் மவுரிசியுஸையும் அவர் பிள்ளைகளையும் கொன்று அரியணை ஏறினான். அவனுக்குக் கிரகோரி வாழ்த்துக் கடிதம் அனுப்பினார். அரசியல் நெருக்கடி என்று காரணம் சொல்லலாம். படிக்கக் கூசத்தான் செய்கிறது.

கீல்வாதத்தாலும் வயிற்றுக் கோளாறாலும் படுக்கையிலேயே பெரும்பாலான நாட்களைக் கழித்து, 604 மார்ச் 12 அன்று இறந்தார். ‘கிரகோரியன் இசை’ அவர் பெயரில் வழங்கினாலும் அது பின்னாளில், பிராங்கிய மன்னர்கள் காலத்தில் உருப்பெற்றது என்பதே இன்றைய ஆய்வாளர்கள் பலரின் கருத்து. இன்னொரு செல்வாக்கு சந்தேகமின்றி அவருடையது. 591-இல் ஆற்றிய மறையுரையில் இயேசுவைப் பின்பற்றிய மகதலா மரியாவும் லூக்கா நற்செய்தியில் வரும் பாவியான பெண்ணும் ஒருவரே என்றார். மேற்குலகக் கிறிஸ்தவம் அதை அப்படியே பிடித்துக்கொண்டது. ரோம் 1969-இல் வழிபாட்டு நாட்காட்டியைத் திருத்தியபோதுதான் அந்தப் பழி நீங்கியது. 2016-இல் ஜூலை 22, மகதலா மரியாவின் நாள், திருத்தூதர்களின் விழாக்களுக்கு நிகரான விழாவாக உயர்த்தப்பட்டது.