பரணில் தூங்கும் ஹாம் ரேடியோவை எழுப்புவோமா?

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி தாக்கியபோது, அந்தமானின் போர்ட் பிளேரில் ஹாம் ரேடியோவுடன் இருந்தார் பாரதி பிரசாத். தொலைபேசிகள் செயலிழந்த நிலையில், அவரது குழுவின் ரேடியோ வழியே பல குடும்பங்களுக்குத் தகவல் போய்ச் சேர்ந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் தாம்பரம் அருகே முடிச்சூர் மூழ்கியபோது செல்போன்கள் நமக்கும் கைகொடுக்கவில்லை. எனவே வீட்டில் பழைய ஹாம் செட் இருந்தால் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள்!

உடனே பிளக்கைச் சொருகவும் வேண்டாம். பல ஆண்டுகள் சும்மா கிடந்த செட்டில் பெரும்பாலும் முதலில் கெடுவது எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சர்தான். 100 வாட் குண்டு பல்பை மின் இணைப்பில் சீரிஸாகப் போட்டுச் சோதியுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. மங்காமலே எரிந்தால் உள்ளே ஷார்ட்!

கண்டன்சரை மாற்றும்போது மைக்ரோஃபாரட் அளவு அதேயாகவும், வோல்ட் அளவு குறையாமலும் இருக்க வேண்டும். ரிச்சி தெருவில் தேடலாம். வால்வு செட் என்றால் கூடுதல் கவனம் தேவை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டன்சரில் உயிருக்கு ஆபத்தான வோல்ட் தங்கியிருக்கலாம். அனுபவமுள்ள மெக்கானிக் இல்லாமல் உள்ளே கை வைக்காதீர்கள்.

செட் பேசத் தொடங்கிவிட்டதா? அதன் ஆடியோவை ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வழியாகக் கம்ப்யூட்டரின் லைன்-இன்னில் கொடுங்கள். எஃப்எல்டிஜி என்ற இலவச மென்பொருள், பிஎஸ்கே31 முறையில் வரும் சிக்னல்களை எழுத்துகளாகத் திரையில் காட்டும். காதுக்குச் சரியாகக் கேட்காத மெல்லிய சிக்னலையும் அது படித்துவிடும்.

ஒலிபரப்ப மத்திய அரசின் தேர்வெழுதி உரிமம் பெற்றாக வேண்டும். அடுத்த மழைக்காலத்துக்குள் முயன்று பாருங்களேன்!