டர்போவைக் கழற்ற முன் குழாயைப் பாருங்கள்



கடைக் கணக்கை ஒழுங்காக எழுதும் நம்மில் பலர், சரக்கு ஏற்றும் வாகனத்தின் கணக்கை எழுதுவதில்லை. அதனால் நான் பட்ட நஷ்டம் ஒன்றை இந்த வாரம் சொல்கிறேன்.

முல்லைத்தீவில் மீன் ஏற்றி வவுனியாவுக்கு வந்துகொண்டிருந்த எனது சிறிய லொறி, ஒட்டுசுட்டான் தாண்டியதும் இழுவையை விட்டது. எஞ்சின் லைட் எரிந்தது. எவ்வளவு மிதித்தும் 40 கிலோமீற்றர் வேகத்துக்கு மேல் போகவில்லை. மாங்குளத்தில் ஏ-9 வீதியில் ஏறி ஊர்ந்து வந்து சேரும்போது ஏலம் முடிந்துவிட்டது. ஐஸும் கரைந்து, கேட்ட விலைக்கு மீனைக் கொடுத்தேன்.

கராஜில் ஸ்கேன் பண்ணினார்கள். டர்போ அழுத்தம் குறைவு என்று காட்டியது. "டர்போ போய்விட்டது" என்றார்கள். நம்பி, ரீகண்டிஷன் டர்போ ஒன்று வாங்கிப் பூட்டினேன். வண்டி மூன்று நாள் நின்றது. நான்காம் நாள் பாரம் ஏற்றியதும் அதே லைட், அதே 40.

பிறகு வயதான பாஸ் ஒருவர், டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் குழாயைக் கையால் தடவினார். அடிப்பக்கத்தில் விரல் நீளத்துக்கு வெடிப்பு. சுற்றிவர ஒயிலும் தூசியும் படிந்து கறுத்திருந்தது. நிற்கும்போது வாய் மூடியிருக்கும் அந்த வெடிப்பு, பாரத்தோடு ஓடும்போது காற்றழுத்தத்தில் திறந்துகொள்ளும். குழாயை மாற்றியதும் வண்டி பழையபடி ஓடியது. டர்போவுக்குக் கொடுத்த காசு போனதுதான்.

ஸ்கேன் கருவி பொய் சொல்லவில்லை. பி 0299 என்ற இலக்கம் அழுத்தம் குறைவு என்பதை மட்டுமே சொல்லும். ஏன் குறைந்தது என்பதை நாம்தான் தேட வேண்டும். எஞ்சினைக் காப்பாற்றவே கணினி வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது.

காசு குறைந்த இடத்திலிருந்து தேடுங்கள்

முதலில் எயார் பில்டர். வன்னியின் கிரவல் வீதிகளில் ஓடும் வண்டிக்குப் புத்தகத்தில் உள்ள தவணை போதாது. முந்தியே மாற்ற வேண்டும்.

இரண்டாவது, காற்றுக் குழாய்களும் கிளிப்புகளும். பாரத்தில் கரும்புகையும் சீறும் சத்தமும் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் காற்றுக் கசிவுதான்.

மூன்றாவது, சென்சரும் வயரும். நெல் மூட்டைக்குப் பக்கத்தில் நிற்கும் வண்டியில் எலி வயரைக் கடிப்பது சாதாரணம். பிளக்கில் தூசி, ஈரம் இருக்கிறதா பாருங்கள். பற்றரி பலவீனமானாலும் பொய்யான லைட் எரியும். காற்றளவு சென்சரைத் துணியால் துடைக்கவோ பெற்றோலில் கழுவவோ விடாதீர்கள். அதற்கென்றே ஸ்ப்ரே விற்கிறது.

கடைசியாகத்தான் டர்போ. எஞ்சின் ஆறியபின் குழாயைக் கழற்றி உள்ளே உள்ள சக்கரத்தை அசைத்துப் பார்க்கலாம். பக்கவாட்டில் மிகச் சிறிய ஆட்டம் இருக்கும். முன்னும் பின்னும் ஆடினாலோ, சக்கரம் கூட்டில் உரசியிருந்தாலோ அது பழுதுதான். நீலப்புகையும் ஒயில் குறைவதும் டர்போவைக் காட்டலாம். எஞ்சின் தேய்ந்தாலும் அப்படியே வரும்.

டர்போவைக் கொல்வது எது?

டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேலும் சுழலும். அது ஒயில் படலத்தின் மீதே மிதக்கிறது. ஒயில் மாற்றத்தைத் தள்ளிப்போட்டு மிச்சம் பிடிப்பவர், டர்போவில் அதைப் பன்மடங்காகக் கொடுப்பார். பாரத்தோடு ஓடி வந்து உடனே எஞ்சினை நிறுத்தாதீர்கள். ஓரிரு நிமிடம் சும்மா ஓடவிடுங்கள்.

டீசலும் முக்கியம். தடைக்காலத்தில் வன்னியில் மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்டிய கைகள் நம்மிடம் உண்டு. அந்தப் பழைய எஞ்சின் பொறுத்தது. இன்றைய கொமன் ரெயில் எஞ்சின் பொறுக்காது. மண்ணெண்ணெய் கலந்தால் வழுக்கும் தன்மை குறைந்து பம்ப் தேயும். 2022 தட்டுப்பாட்டில் பரலில் சேமித்துப் பழகியவர்கள் அடியில் தேங்கும் தண்ணீரையும் கவனியுங்கள்.

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 தொடக்கத்தில்தான் பரவலாகத் திறந்தது. விலையோ நம் கைக்கு எட்டவில்லை. இருக்கும் வண்டியைக் காப்பதே புத்தி.

ஆகவே ஒரு கொப்பியில் ஒயில், பில்டர் மாற்றிய கிலோமீற்றரை எழுதுங்கள். லைட்டை அழிக்க முன் இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள். கராஜ் நடத்தும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை: உங்களிடம் விடப்படும் வண்டி ஓர் அமானிதம். தெரியாததைத் தெரியாது என்று சொல்வது தொழிலுக்கு இழுக்கல்ல.

அல்லாஹ் நம் உழைப்பில் பரக்கத் செய்வானாக.