கழற்றி எறியப்படும் மெழுகு

கார் சூடாகிறது என்று பட்டறைக்குக் கொண்டுபோனால், நம் ஊரில் பல இடங்களில் முதலில் கழன்று வருவது தெர்மோஸ்டாட்தான். “இந்த வெயிலுக்கு வால்வு எதுக்கு சார்? தண்ணி தடையில்லாம ஓடட்டும்” என்பார் மெக்கானிக். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். எஞ்சினைக் குளிர வைப்பது மட்டுமே அந்தத் தண்ணீர்க் குழாய்களின் வேலை என்றால் அவர் செய்வது சரி. உண்மையில் எஞ்சினை ஏறக்குறைய 90 டிகிரி செல்சியஸில், மேலேயும் போகாமல் கீழேயும் இறங்காமல் பிடித்து வைப்பதுதான் அவற்றின் வேலை.

சிலிண்டருக்குள் எரியும் வாயு ஒரு கணம் 2,000 டிகிரியைத் தாண்டும். சுற்றியிருக்கும் ஹெட்டோ பெரும்பாலும் அலுமினியக் கலவை. தூய அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகிவிடும். உலோகத்துக்குள் வார்த்த பாதைகளில் ஓடும் தண்ணீர் வெப்பத்தை விடாமல் அள்ளிக்கொண்டு போவதால்தான் ஹெட் பிழைத்திருக்கிறது. சக்கரத்துக்குப் போகும் ஆற்றலுக்கு ஏறக்குறைய இணையான வெப்பத்தை ரேடியேட்டர் தெருக்காற்றில் கொட்டுகிறது. இவ்வளவையும் அள்ளுகிற அமைப்பு அளவுக்கு மீறி அள்ளினாலும் கேடுதான். குளிர்ந்த எஞ்சினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது; எஞ்சினின் கணினி அதைக் கூடுதலாக ஊற்றும். எரிபொருள் எரியும்போது உண்டாகும் நீராவியில் கொஞ்சம் ஆயிலுக்குள் நழுவி வரும். ஆயில் சூடாக இருந்தால் அது ஆவியாகி வெளியேறும். இல்லாவிட்டால் தங்கிச் சேறாகும்.

அந்த 90 டிகிரியைக் காப்பது தெர்மோஸ்டாட்டுக்குள் இருக்கும் கட்டைவிரல் அளவுள்ள ஓர் உலோகக் குப்பி. உள்ளே மெழுகு, அதில் வெப்பம் சீக்கிரம் பரவச் செப்புத் தூள். 1930களில் செர்ஜியஸ் வெர்னே அமெரிக்காவில் உருவாக்கிய இந்த ஏற்பாடு இன்றும் கோடிக்கணக்கான கார்களில் அப்படியே இருக்கிறது. மெழுகு உருகும்போது சட்டென்று விரிகிறது. விரிந்த மெழுகு ஒரு தண்டைத் தள்ள, ஸ்பிரிங்கை எதிர்த்து வால்வு திறக்கிறது. மின்சாரம் வேண்டாம், ஆணை பிறப்பிக்க யாரும் வேண்டாம். தெர்மோஸ்டாட்டின் உடலில் 82 என்றோ 88 என்றோ பொறித்திருக்கும். அந்தச் சூட்டில் உருகும்படி மெழுகைக் கலந்திருப்பார்கள். அதுவரை தண்ணீர் ரேடியேட்டர் பக்கம் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும்.

அப்படிச் சுற்றுவதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டின் அடித்தட்டு, வால்வு திறக்கும்போதே அந்தக் குறுக்குவழியை மூடிவிடும். தெர்மோஸ்டாட்டையே கழற்றிவிட்டால் அதை மூட ஆளில்லை. சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டரை எட்டிப் பார்க்காமலே திரும்பிவிடும். சூட்டைக் குறைக்கச் செய்த வைத்தியம், மலையேற்றத்தில் சூட்டைக் கூட்டும்.

மலையென்றால் இன்னொரு சிக்கல். ஊட்டியில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கார் பிறந்த புதிதில், 1888இல், ஜெர்மனியில் பெர்தா பென்ஸ் என்ற பெண் மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குக் கார் ஓட்டிப் போனபோது, கொதித்து ஆவியான தண்ணீரை வழியெங்கும் ஊற்றி நிரப்ப வேண்டியிருந்தது. இன்று அந்தப் பிரச்சினையைத் தீர்ப்பது ரேடியேட்டர் மூடி. உள்ளே சுமார் ஒரு பார் கூடுதல் அழுத்தத்தை அது தாங்கிப் பிடிப்பதால் கொதிநிலை 120 டிகிரிக்கு ஏறுகிறது. சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் அழுத்தம் ஒரே கணத்தில் இறங்கி, 110 டிகிரித் தண்ணீர் ஆவியாய்ச் சீறி முகத்தில் அடிக்கும். மூடியின் ஸ்பிரிங் தளர்ந்தால் என்ன செலவு செய்தாலும் கார் கொதிக்கும். சில நூறு ரூபாய்ச் சாமான் என்பதாலோ என்னவோ, அதை யாரும் சந்தேகிப்பதில்லை.

சுமையேறும்போது எக்ஸாஸ்ட் வால்வை ஒட்டிய சுவர்களில் தண்ணீர் கொஞ்சம் கொதிக்கத்தான் செய்யும். சிறு குமிழிகள் கிளம்பி வெப்பத்தை வாரிக்கொண்டு போகும், அது நல்லதே. அழுத்தமோ தண்ணீர் மட்டமோ குறைந்தால் குமிழிகள் ஒன்றுசேர்ந்து ஆவிப் படலமாகிவிடும். நன்றாகக் காய்ந்த தோசைக்கல்லில் தெளித்த துளி உடனே ஆவியாகாமல் உருண்டு ஓடுகிறதே, அதே நிலை. 1756இல் லைடன்ஃப்ராஸ்ட் எழுதி வைத்த விளைவு இது. ஆவி வெப்பத்தை எளிதில் கடத்தாது. உலோகத்தின் சூடு எகிறும், ஹெட் வளையும், கேஸ்கெட் போகும், ஆயில் பால் கலந்த நிறத்துக்கு மாறும்.

நம் சமவெளியில் தண்ணீர் உறையப்போவதில்லை, பிறகு கூலன்ட் எதற்கு? வெப்பத்தைச் சுமப்பதில் அதைவிடத் தண்ணீரே கெட்டிக்காரன் என்பதும் உண்மை. ஆனால் அலுமினியமும் இரும்பும் ஒரே தண்ணீரில் நனைந்து கிடந்தால் உலோகம் அரிக்கும்; கூலன்ட்டிலுள்ள காப்பு ரசாயனம் அதைத் தடுக்கிறது. காலப்போக்கில் அது தீர்ந்துபோவதால்தான் மாற்றச் சொல்கிறார்கள். போர்வெல் தண்ணீரை ஊற்றினால் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் சுண்ணாம்பு படியும். காய்ச்சி வடித்த தண்ணீரே சரி. நிறத்தை நம்பி இரண்டு வகையைக் கலக்கவும் வேண்டாம். நிறம் வெறும் சாயம்.

சூட்டுமுள்ளையும் முழுதாக நம்ப முடியாது. உணர்வி தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் சரியாகக் காட்டும். தண்ணீர் முழுக்கக் கசிந்துவிட்டால் எஞ்சின் வெந்துகொண்டிருக்கும்போதே முள் இறங்கும். மாறாக, முள் ஏறும்போது ஹீட்டரை முழு வேகத்தில் வைத்தால் கொஞ்சம் தப்பலாம். டேஷ்போர்டுக்குப் பின்னால் இருப்பதும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். வியர்த்துக்கொண்டே வண்டியை ஓரங்கட்டலாம்.

தெர்மோஸ்டாட்டைச் சோதிப்பது எளிது. பழைய பாத்திரத்துத் தண்ணீரில் நூலில் கட்டித் தொங்கவிட்டு, வெப்பமானியோடு அடுப்பில் ஏற்றுங்கள். பொறித்த எண்ணை ஒட்டித் திறந்தால் நல்லது. கொதித்தும் அசையாவிட்டால் புதிதாக மாற்ற வேண்டும். சிலவற்றின் விளிம்பில் ஒரு துளையில் சிறு ஊசி ஒன்று லேசாக ஆடும். பொருத்தும்போது அது மேல்பக்கம் இருக்கட்டும். நிரப்பும்போது சிக்கிய காற்று அந்தத் துளை வழியாகத்தான் வெளியேறும்.