மணி ஒன்று, அழைப்பவர் நூறு!

மும்பையில் உள்ள நம்மவர்களில் செல்போன் இல்லாதவரைப் பார்ப்பது அரிது. தாராவியில் விடியற்காலையில் இட்லிப் பாத்திரத்துடன் புறப்படுகிறவரின் சட்டைப் பையிலும் அது இருக்கிறது. கோட்டைப் பகுதி ஆபீசில் கணக்கு எழுதும் குமாஸ்தாவின் மேஜையிலும் இருக்கிறது.

முன்பெல்லாம் ஊருக்குப் பேச டிரங்க்கால் பதிவு செய்துவிட்டுக் காத்துக் கிடக்கவேண்டும். தந்தி வந்தால், பிரித்துப் படிக்கும் முன்பே வீட்டில் அழுகை கிளம்பிவிடும். அந்தத் தந்தியும் 2013-ம் ஆண்டு ஜூலை மாதத்தோடு நின்றுவிட்டது. இப்போது ஊர் நம் பையில் இருக்கிறது. ஊர் மட்டும் இருந்தால் பரவாயில்லை. கூடவே உலகமும் அல்லவா வந்து உட்கார்ந்துகொண்டது!

3,600 ரூபாய் எங்கே?

எனக்கு நடந்ததையே சொல்கிறேன். ஒரு நாள் பிற்பகல் ரசீதுகளைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்துகொண்டிருந்தேன். "டிங்" என்று சத்தம். ஊர்க் கோவில் கொடைக்கான வாட்ஸ்அப் குழுவில் யாரோ பந்தல் படம் போட்டிருந்தார். பார்த்தேன். அடுத்து ஒரு வீடியோ. அதையும் பார்த்தேன். திரும்பி வந்து 12,600 என்பதை 16,200 என்று தட்டிவிட்டேன்.

மாலையில் கணக்கு ஒத்துவரவில்லை. 3,600 ரூபாயைத் தேடி இரவு 9 மணி வரை உட்கார்ந்திருந்தேன். வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் எண்கள் இடம் மாறியிருக்கலாம் என்பது எந்தக் குமாஸ்தாவுக்கும் தெரியும். அன்று அதுகூட என் நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் ஆத்திரத்தில் போனையே அணைத்து டிராயரில் வைத்துப் பூட்டினேன். அன்றுதான் ஊரில் அம்மாவுக்கு மூச்சுத்திணறல் வந்து, தம்பி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். ஏழு முறை கூப்பிட்டானாம். எனக்குத் தெரிந்தபோது மாலை 6 மணி. அம்மா பிழைத்துக்கொண்டார்கள். "எதுக்குண்ணே போனை அணைச்சுப் போட்ட?" என்று தம்பி கேட்டதற்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை.

முடிவே இல்லாத பக்கம்

பத்திரிகைக்குக் கடைசிப் பக்கம் உண்டு. கல்யாண் ரெயிலில் நாலாக மடித்துப் படித்தால் தாதர் வருவதற்குள் முடிந்துவிடும். செல்போனுக்குக் கடைசிப் பக்கமே கிடையாது. விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும் இந்த முறையை 2006-ம் ஆண்டில் உருவாக்கியவர் என்று சொல்லப்படுபவர், அமெரிக்க நிபுணர் ஆசா ராஸ்கின். பிற்காலத்தில் அவரே அதற்காக வருந்தினார்.

கம்ப்யூட்டர் முன் வேலை செய்பவர்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர், கலிபோர்னியாவைச் சேர்ந்த பேராசிரியை குளோரியா மார்க். 2004-ம் ஆண்டு வாக்கில் ஒரு திரையில் சராசரியாக இரண்டரை நிமிடம் கவனம் நின்றது. பின்னாளில் அது 47 விநாடியாகக் குறைந்துவிட்டது என்கிறார் அவர். 47 விநாடியில் ஒரு ரசீதை ஒழுங்காகச் சரிபார்க்க முடியுமா?

வீட்டுக்கு மட்டும் மணி

போனிலேயே இதற்கு வழி இருக்கிறது. 'டூ நாட் டிஸ்டர்ப்' என்ற வசதியைப் போட்டு, வீட்டு எண்களுக்கு மட்டும் அனுமதி கொடுக்கலாம். மற்றவர்கள் அழைத்தால் சத்தம் வராது. ஒரே எண்ணில் இருந்து அடுத்தடுத்து இரண்டு முறை அழைப்பு வந்தால் மட்டும் மணி அடிக்கும்படியும் செய்யலாம். பக்கத்து வீட்டுப் போனில் இருந்து அவசரமாகக் கூப்பிட்டாலும் தெரிந்துவிடும்.

வாட்ஸ்அப் குழுக்களின் சத்தத்தை 8 மணி நேரத்துக்கு நிறுத்திவைக்கலாம். ஆபீஸ் நேரத்துக்கு அது போதும். நிறுத்தியது மற்றவர்களுக்குத் தெரியாது. குழுவை விட்டு விலகினால்தான் சித்தப்பா கோபித்துக்கொள்வார்!

இப்போது பகலில் என் போனில் மணி அடிக்கும் எண்கள் நான்கு: அம்மா, தம்பி, மனைவி, பையனின் பள்ளிக்கூடம். ஐந்தாவதாக மேனேஜரையும் சேர்த்திருக்கிறேன். வேறு வழியில்லை.