ஓடும் எலியின் ஒவ்வொரு காலுக்கும் தனி "எடை"! முதுகுத்தண்டு அடிபட்ட பிராணிகளுக்கு நடைப் பரீட்சை

எலியைப் பிடித்துத் தராசில் வைத்தால் எடை தெரிந்துவிடும். குடுகுடு என்று ஓடுகிற எலியின் நாலு காலையும் தனித்தனியாக நிறுக்க முடியுமா?

முடியும்! முதுகுத்தண்டில் அடிபட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நடக்கத் தொடங்கும் பிராணிகளை விஞ்ஞானிகள் இப்படித்தான் சோதிக்கிறார்கள்.

வேலை வெட்டி இல்லாமல் செய்கிற காரியம் அல்ல இது. மாடியில் இருந்து விழுந்தோ, ஸ்கூட்டர் விபத்திலோ தண்டுவடம் நசுங்கிப் படுக்கையில் கிடப்பவர்கள் எத்தனையோ பேர். அறுந்த தண்டுவடத்தை மறுபடி பழையபடி ஆக்கும் மருந்து இன்றுவரை கிடையாது. புதிதாக ஒரு மருந்து வந்தால், அது பெரும்பாலும் முதலில் எலிக்குத்தான் போகிறது.

"மருந்து கொடுத்தோம், எலி நடந்துவிட்டது" என்று சொன்னால் போதுமா? எப்படி நடந்தது? அங்கேதான் வில்லங்கம்!

0 முதல் 21 வரை மார்க்

அமெரிக்காவில் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பாசோ, பீட்டி, பிரெஸ்னஹான் என்ற 3 பேர் 1995-ல் எலிகளுக்கு ஒரு மார்க் முறையை வெளியிட்டார்கள். எலியைத் திறந்த இடத்தில் விட்டு 4 நிமிடம் உற்றுப் பார்க்க வேண்டும். பின்கால் அசையவே இல்லை என்றால் 0. பழைய நடை அப்படியே வந்துவிட்டால் 21. உலகம் முழுக்க இந்த முறை பரவிவிட்டது.

ஆனால் மார்க் போடுவது மனுஷக் கண். எலியோ பலே கில்லாடி! ஒரு கால் வலுவிழந்தால், பாரத்தை மற்ற கால்களுக்குத் தள்ளிவிட்டு ஒன்றுமே நடக்காதது மாதிரி ஓடும். பாதத்தில் முள் தைத்தவர் பஸ்சைப் பிடிக்க ஓடும்போது, தூரத்தில் நிற்பவருக்கு அது தெரியவா போகிறது?

தரையே தராசு

அதனால் எலி ஓடும் பாதையிலேயே ஒரு சின்னத் தகடு பதித்தார்கள். கால் பட்டதும் தகடு இம்மி அளவு வளையும். அடியில் ஒட்டி இருக்கும் மெல்லிய உலோக இழை இழுபடும். உடனே அதில் ஓடும் மின்சாரம் மாறும். அந்த மாற்றத்தை வைத்து விசையைக் கணக்குப் போட்டுவிடலாம்.

நம் வீட்டு எடை மிஷின் கீழே அழுத்தும் பாரத்தை மட்டும் சொல்லும். இந்தத் தகடு 3 கணக்கு சொல்கிறது. கீழ்நோக்கி எவ்வளவு, பக்கவாட்டில் எவ்வளவு, முன்னும் பின்னும் எவ்வளவு என்று.

கடைசியாகச் சொன்னதுதான் சுவாரசியம். ஒவ்வொரு காலும் தரையில் ஊன்றும்போது முதலில் பிரேக் போடும். கிளம்பும்போது தரையை உதைத்து உடம்பை முன்னே தள்ளும். நாலு கால் பிராணிகளில் பிரேக் வேலை அதிகம் முன்காலுக்கு. தள்ளும் வேலை அதிகம் பின்காலுக்கு. பின்கால் தள்ளாமலேயே எலி ஓடுகிறது என்றால், முன்கால் இழுத்துக்கொண்டு போகிறது என்று அர்த்தம். தகட்டில் குட்டு வெளிப்பட்டுவிடும்!

எலியைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும் பாடு. மறுமுனையில் தீனி வைத்துப் பழக்க வேண்டும். ஒரே வேகத்தில் ஓட வேண்டும். நடுவில் நின்று மீசையை நீவிக்கொண்டு இருந்தால் அந்த ஓட்டம் கணக்கில் சேராது. ஒரு நேரத்தில் ஒரு கால்தான் தகட்டில் பட வேண்டும். ஒரு நல்ல ஓட்டத்துக்காக எத்தனையோ ஓட்டம்!

கனடாவில் கில்லியன் மூயர் என்ற பெண் விஞ்ஞானி இந்தத் துறையில் பெயர் பெற்றவர். தண்டுவடத்தில் ஒரு பக்கம் மட்டும் வெட்டுப்பட்ட எலிகள் பற்றி அவரும் ஒரு சகாவும் 2002-ல் எழுதினார்கள். எலிகள் ஓடத்தான் செய்தன. ஆனால் பழைய நடை திரும்பவில்லை. இருக்கிற கால்களை வைத்து ஈடுகட்டும் புது நடையைப் பழகிக்கொண்டு இருந்தன.

தகடு எப்போதும் கெட்ட சேதிதான் சொல்லும் என்று நினைத்துவிடாதீர்கள். மூளையில் இருந்து தண்டுவடத்துக்கு வரும் ஒரு முக்கிய நரம்புப் பாதையை வெட்டியபிறகும், எலியின் சாதாரண ஓட்டம் முழுசாகத் தேறிவிட்டது என்று 1999-ல் அதே தகட்டுக் கணக்கு காட்டியது. அதற்காக மனிதனும் அப்படியே தேறிவிடுவான் என்று சொல்ல முடியாது. மனிதன் அந்தப் பாதையை எலியைவிட ரொம்ப நம்பி இருக்கிறவன்.

மூக்கில் எடுத்த செல்

இதைவிட ருசிகரமான விஷயம் நாய்களில் நடந்தது. நாய் நிற்கும்போது உடல் பாரத்தில் 100-க்கு 60 பங்கு முன்காலில், 40 பங்கு பின்காலில் இருக்கும். முதுகு அடிபட்ட நாயில் இந்தக் கணக்கு மாறி, முன்கால் இன்னும் அதிக பாரத்தைச் சுமக்கும்.

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார், வீடுகளில் வளர்ந்த 34 நாய்களை வைத்து நடத்திய சோதனை 2012-ல் வெளிவந்தது. எல்லாம் அடிபட்டு ஒரு வருஷம் தாண்டியும் பின்கால் வராத நாய்கள். 23 நாய்களுக்கு, அவற்றின் மூக்கில் இருந்தே செல்களை எடுத்து வளர்த்து, அடிபட்ட இடத்தில் ஊசி போட்டார்கள். மற்ற 11 நாய்களுக்கு வெறும் திரவம்தான். எந்த நாய்க்கு எது என்பது நாயின் சொந்தக்காரருக்கும் தெரியாது, சோதிப்பவருக்கும் தெரியாது. ஆசையோடு பார்க்கிற கண்ணுக்கு இல்லாத நடைகூடத் தெரியும் அல்லவா?

பிறகு நாய்களை வாரில் தாங்கிப் பிடித்து, ஓடும் பெல்ட்டில் நடக்க விட்டார்கள். செல் ஏற்றிய நாய்களின் பின்கால்கள், முன்கால்களோடு தாளம் சேர்ந்து அசைந்தது தெரியவந்தது. வெறும் திரவம் ஏற்றிய நாய்களில் அந்த அளவு முன்னேற்றம் இல்லை.

அப்படியானால் மூளைக்கும் பின்காலுக்கும் "லைன்" கிடைத்துவிட்டதா என்றால், இல்லை. மூளைவரை போய்வரும் நீண்ட நரம்புப் பாதைகள் வேலை செய்யவில்லை. இந்த இணைப்பு, தண்டுவடத்துக்குள்ளேயே முன்காலுக்கும் பின்காலுக்கும் நடுவில் ஏற்பட்ட குறுக்குவழி என்று ஆய்வாளர்களே சொல்லிவிட்டார்கள்.