கடலில் இறக்கப்படும் கப்பல்கள்



சேலம், நாமக்கல் சமவெளியில் பிறந்து வளர்ந்த நம்மில் பலர் கப்பலைப் படத்தில் மட்டுமே கண்டவர்கள். அவ்வாறிருக்க, ஓய்வு பெற்ற கப்பலைக் கடலில் மூழ்கடிப்பது பற்றி நான் இங்கே பேச வந்தது ஏன் என்று நீங்கள் வினவலாம். அதற்கு விடை நம் மேட்டூரிலேயே இருக்கிறது.

1934-ஆம் ஆண்டில் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டது. அதன் நீர்த்தேக்கத்தில் பல ஊர்கள் ஆழ்ந்தன. நீர்மட்டம் மிகவும் தாழும் காலங்களில், பண்ணவாடி அருகே பழைய ஜலகண்டேசுவரர் கோயிலின் நந்தியும் கிறித்தவ ஆலயத்தின் கோபுரங்களும் வெளியே தோன்றும். இளமையில் ஒரு முறை பரிசலில் சென்று அந்த நந்தியைத் தொட்டுப் பார்த்தேன். கல்லின் மேல் பாசி படர்ந்திருந்தது; இடுக்குகளில் நத்தைகள் ஒட்டியிருந்தன. பரிசல் ஓட்டிய பெரியவர், "தண்ணி ஏறிட்டா இங்கதான் தம்பி மீன் அடையும்" என்றார். இன்றைய பேச்சின் பொருள் முழுவதும் அச்சொல்லில் அடங்கியிருக்கிறது.

கரையை அடுத்த கடலடி பல இடங்களில் மணலும் சேறுமாகவே பரந்து கிடக்கிறது. பாசியும் கொட்டலசும் பவள உயிரும் ஊன்றி வளர உறுதியான தளம் வேண்டும். நீரில் மிதந்து திரியும் அவற்றின் இளம் உயிர்கள் கடினமான பரப்பு கிடைத்தால் ஒட்டிக்கொள்கின்றன. அவற்றை மேயச் சிறு மீன்கள் வருகின்றன. சிறு மீன்களைத் தேடிக் களவா, பாரை போன்ற பெரிய மீன்கள் வருகின்றன. மீன் கூடும் இத்தகைய கடலடித் திட்டுகளை மன்னார் வளைகுடா மக்கள் 'பார்' என்பர். மனிதர் அமைப்பதைச் செயற்கைப் பார் எனலாம். சோழமண்டலக் கரை மீனவர், மரக்கிளைகளையும் தென்னங்கீற்றுகளையும் கல்லுடன் பிணைத்துக் கடலில் இறக்கி மீனைக் கூட்டியதும் இவ்வறிவினால்தான்.

ஒரு கப்பலையே இறக்கினால், மீன்களுக்கு அறைகள் நிறைந்த மாளிகை கிடைக்கிறது. நீரில் மூழ்கிக் காண விரும்புவோருக்கும் ஒரு காட்சித்தலம் கிடைக்கிறது. ஆயினும் மூழ்கடிப்பது எளிது. அதற்கு ஆயத்தம் செய்வதே அரிது. எண்ணெயை வடித்துக் கலங்களைக் கழுவ வேண்டும். கல்நாரையும், நஞ்சு கலந்த மின்கம்பி உறைகளையும் அகற்ற வேண்டும். உள்ளே செல்வோர் சிக்கிக்கொள்ளாதபடி கதவுகளைக் கழற்றி, வெளியேறவும் ஒளி புகவும் பக்கங்களில் வழிகள் வெட்ட வேண்டும். அதன் பின்னரே கப்பலை உரிய இடத்திற்கு இழுத்துச் சென்று, அடிப்பகுதியில் வெடி வைத்து இறக்குவர்.

அமெரிக்காவின் 'ஒரிஸ்கனி' என்னும் விமானந்தாங்கிக் கப்பல் ஏறத்தாழ 900 அடி நீளமுடையது. 2006 மே 17 அன்று புளோரிடா மாநிலத்தின் பென்சகோலா நகருக்கு அப்பால், ஏறத்தாழ 212 அடி ஆழத்தில் அது இறக்கப்பட்டது. மூழ்குவதற்கு 37 நிமிடமே ஆயிற்று. அதற்கு முன் நடந்த துப்புரவுப் பணியோ ஆண்டுக்கணக்கில் நீண்டது.

நம் நாட்டிலும் இவ்வெண்ணம் தோன்றியது. 2017-இல் ஓய்வு பெற்ற 'விராட்' கப்பலைக் கடலில் இறக்கலாம் என்ற யோசனை எழுந்தது. ஆனால் அது 2020-இல் குஜராத்தின் அலங் கடற்கரைக்கு உடைப்பதற்காகச் சென்றது. 2018-இல் ஓய்வு பெற்ற 'கடலூர்' என்னும் கண்ணிவாரிக் கப்பலைப் புதுச்சேரிக்கு அப்பால் நீரடிக் காட்சியகமாக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. 2024-இல் ஓய்வு பெற்ற 'குல்தார்' கப்பல், மகாராஷ்டிரத்தின் சிந்துதுர்க் கடலில் அவ்வாறே அமைப்பதற்காக 2025-இல் அம்மாநிலத்திடம் ஒப்படைக்கப்பட்டது.

நாமக்கல் மாணவர் ஒருவர், "எங்கள் ஊரில் தேய்ந்த லாரி டயர்கள் எத்தனையோ கிடக்கின்றன, அவற்றைக் கடலில் போட்டால் என்ன?" என்று கேட்கக்கூடும். அதையும் செய்து பார்த்துவிட்டார்கள். 1970-களில் புளோரிடாவின் போர்ட் லாடர்டேல் நகருக்கு அப்பால் ஏறத்தாழ 20 இலட்சம் டயர்களைக் கட்டுக்கட்டாகக் கடலில் இட்டனர். உப்புநீரில் கட்டுகள் அறுந்தன. புயலில் உருண்ட டயர்கள் அருகிலிருந்த இயற்கைப் பவளத் திட்டுகளை மோதிச் சிதைத்தன. 2007 முதல் இராணுவத்தின் முக்குளிப்போரைக் கொண்டு அவற்றை மீண்டும் வெளியே எடுக்க வேண்டியதாயிற்று.

செயற்கைப் பார் மீனைப் பெருக்குகிறதா, அன்றி வேறிடத்து மீனை ஒன்றுகூட்டுகிறதா என்று அறிஞர் இன்றும் வாதிடுகின்றனர். கூட்டுவது மட்டுமே எனில், வலை வீசுவோருக்கு அது எளிய வேட்டைக்களமாகிவிடும். உருக்கினால் மீண்டும் பயன்படும் எஃகை நீரில் விடலாமா என்ற கேள்வியும் உண்டு. எஃகு ஆலையுடைய சேலத்தார் அதன் நியாயத்தை நன்கு உணர்வர்.

ஆகவே, வேண்டாததை மறைக்கும் குப்பைக்கிடங்காகக் கடலை எண்ணுவோமாயின், அது நமக்குத் தீங்கையே திருப்பித் தரும். இறக்கும் பொருளைத் தூய்மை செய்து, இடமறிந்து இறக்கினால் உயிர்களுக்கு உறைவிடம் தரும். ஐயமுள்ளோர் ஒரு செங்கல்லைக் கயிற்றில் கட்டி, பெரியவர் துணையுடன் உங்கள் ஊர்க் குளத்தில் சில வாரம் தொங்கவிட்டு எடுத்துப் பாருங்கள். மேட்டூர் நந்தியின் மேல் நான் கண்டதை அதன் மேல் நீங்களும் காண்பீர்கள்.