கண்டக்டர் இல்லாத ஊரில்

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே சுமார் 12 கிலோமீட்டர். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டால் டிக்கெட், சில்லறை, இறங்கும் இடம் எல்லாம் கண்டக்டர் பொறுப்பு. ஆடிப்பூரத் தேருக்குப் புதிதாக வருகிறவரையும் "தேருக்கு இங்கேயே இறங்கிக்கோங்க" என்று அவரே இறக்கிவிடுவார். இந்தப் பழக்கத்தோடு வெளிநாட்டுக்கு மேட்ச் பார்க்கக் கிளம்புகிறவர்கள் முதலில் பயப்படுவது மொழிக்கு. அது வீண் பயம். எந்த ஊரிலும் மெட்ரோ ஏறுவது எளிது. நிறமும் எண்ணும் பார்த்துப் போய்விடலாம். அங்கே கண்டக்டர் வேலையையும் நாமேதான் பார்க்க வேண்டும், சிக்கல் அதில்தான் இருக்கிறது. அதிலும் ரயிலை விட்டு இறங்கியபின் அரங்கம் வரை உள்ள கடைசித் துண்டும், ஆட்டம் முடிந்து திரும்பும் நேரமும்தான் ஆளைத் தவிக்க விடுகின்றன.

2024 டிசம்பர் 12 அன்று 18 வயது குகேஷ், டிங் லிரெனை வென்று உலக செஸ் சாம்பியன் ஆனது சிங்கப்பூரில், சென்டோசா தீவிலுள்ள ஈக்வேரியஸ் ஹோட்டலில். பெயர்ப்பலகைகளில் தமிழும் தென்படும் ஊர் அது. ஆனாலும் அங்குள்ள மெட்ரோவான எம்ஆர்டி ரயில் சென்டோசாவுக்குள் போகாது. ஹார்பர்ஃபிரண்ட் நிலையத்தில் இறங்கி, விவோசிட்டி என்ற வணிக வளாகத்தின் மூன்றாம் தளத்துக்கு ஏறி, அங்கே சென்டோசா எக்ஸ்பிரஸ் ரயிலைப் பிடிக்க வேண்டும். உள்ளே போக 4 சிங்கப்பூர் வெள்ளி, திரும்பி வரக் கட்டணம் இல்லை. கடலோர நடைபாதையில் நடந்து போனால் அதுவும் மிச்சம். பஸ் என்றால் ஏறும்போதும் இறங்கும்போதும் கார்டைக் கருவியில் காட்ட வேண்டும். இறங்கும்போது மறந்தால், கடைசி நிறுத்தம் வரை போனதாகக் கணக்கிட்டுப் பணம் பிடித்துவிடுவார்கள். நம் பேங்க் கார்டுகள் பலவும் அங்கே செல்லும். ஆனால் ரிசர்வ் வங்கி விதிப்படி 2020 அக்டோபர் முதல் புதிய கார்டுகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே திறந்து தரப்படுகின்றன. வெளிநாட்டுப் பயன்பாட்டையும், தொடாமல் பணம் செலுத்தும் வசதியையும் விமானம் ஏறுமுன் நாமே திறந்து வைக்க வேண்டும்.

போட்டி நடத்துகிறவர்கள் இதையெல்லாம் பார்த்துக்கொள்ள மாட்டார்களா என்று கேட்கலாம். ஓரளவு பார்க்கிறார்கள். கத்தாரில் 2022 உலகக் கோப்பைக் கால்பந்துக்கு ஹய்யா கார்டு என்ற ரசிகர் அடையாள அட்டை வைத்திருந்தவர்களுக்கு தோஹா மெட்ரோ இலவசம். ஆனாலும் அல் பைத் போன்ற அரங்குகளுக்கு மெட்ரோவிலிருந்து இறங்கி பஸ் மாறத்தான் வேண்டியிருந்தது. சூக் வாகிஃப் சந்தைப் பக்கம் உயரமான நாற்காலியில் ஒலிபெருக்கியோடு உட்கார்ந்து "மெட்ரோ, இந்தப் பக்கம்" என்று ராகம் போட்டு வழிகாட்டிய கென்ய இளைஞர் உலகப் புகழ் பெற்றார். பணத்தைக் கொட்டிக் கட்டிய ஊருக்கும் கடைசியில் ஒரு கண்டக்டர் தேவைப்பட்டிருக்கிறார்! ஜெர்மனியில் 2024 யூரோ கால்பந்து டிக்கெட்டோடு 36 மணி நேர உள்ளூர்ப் பயணமும் இலவசமாகக் கிடைத்தது. ஆனால் ஜூன் 16 அன்று கெல்சன்கிர்ஷனில் இங்கிலாந்து-செர்பியா ஆட்டம் முடிந்ததும் டிராமுக்குக் கூட்டம் நெருக்கித் தள்ள, பலர் நடந்தே போனார்கள். இலவசம் வேறு, இடம் கிடைப்பது வேறு.

நாலு பேர் சேர்ந்தால் டாக்ஸியே மலிவு என்பதும் நியாயமான வாதம்தான். செஸ் மாதிரி கூட்டம் குறைந்த போட்டிக்கு, பெரியவர்களோடு போகிறவர்கள் தாராளமாக டாக்ஸி பிடிக்கலாம். கிரிக்கெட்டுக்கு அது ஒத்துவராது. ஆட்டம் முடியும் நேரத்தில் ஆப் டாக்ஸி கட்டணம் ஏறும், அரங்கைச் சுற்றிச் சாலை அடைபடும். துபாய் கிரிக்கெட் மைதானத்துக்கு மெட்ரோ நேரே போகாது. இறங்கி பஸ்ஸோ டாக்ஸியோ பிடிக்க வேண்டும். 2025 செப்டம்பர் 28, ஞாயிறு இரவு, அங்கே ஆசியக் கோப்பை இறுதியாட்டம் முடிந்தபின் பரிசளிப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமானது. அந்த ஊரில் ஞாயிறு மெட்ரோ நள்ளிரவோடு நின்றுவிடும். கோப்பையைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று காத்திருந்தவர்களுக்கு ரயிலுக்கு எவ்வளவு நேரம் மிஞ்சியிருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மேட்ச் டிக்கெட் வாங்கும் அன்றைக்கே கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்றும் பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.